சிறையிலும் வனத்திலும் ஜட்சன் ஐயர்

கடவுளை நம்புவோன் அஞ்சான் என்பது நாம் பிறர்க்குக் கூறும் அறிவுரைகளுள் மிக எளிதானது. துன்பம் நம் வீட்டு வாயிலுக்கு வரும்பொழுதோ அவ்வறிவுரை நமக்கே பகையாகி விடுகின்றது. பரீட்சையில் தவறிய மாணவனும், தந்தையாரின் நோய்ச் செய்தி கேட்டு இரவெல்லாம் உறங்காது கிடப்பவனும், அடுத்த தவணைச் சம்பளத்துக்கு வழி காணாதவனும், தத்தம் நெஞ்சு நடுங்குவதைக் கண்டு, தமக்கு விசுவாசமே இல்லை போலும் என்று வேறொரு துயரத்தையும் தலைமேல் ஏற்றிக்கொள்ளுகின்றனர். அச்சமும் நம்பிக்கையும் ஓர் உள்ளத்தில் ஒருங்கே குடியிருத்தல் கூடுமா? கூடும் என்பதற்குப் பர்மா தேசத்தில் முப்பத்தேழு ஆண்டு உழைத்த அதோனிராம் ஜட்சன் ஐயருடைய சரித்திரம் ஒரு தக்க சான்று. அதனை இம்முறை நம் கல்லூரி அன்பர் முன் வைக்க விரும்புகின்றோம்.

ஜட்சன் ஐயர் தமிழ் மக்களுக்கு முற்றும் அயலார் அல்லர். அவரும் அவருடைய தோழர் சிலரும் மாணவராயிருந்த காலத்திலே விடுத்த விண்ணப்பத்தின் பயனாகவே 1810-ம் ஆண்டில் அமெரிக்கன் போர்டு என்னும் மிஷன் சங்கம் தோன்றிற்று. அச்சங்கமே 1816-ம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்திலும், 1834-ம் ஆண்டு முதல் மதுரையிலும் பள்ளிகளையும் மருத்துவசாலைகளையும் நிறுவிற்று. அன்றியும், அவர் பர்மாவுக்குக் கப்பலேறிய துறைமுகம் நம் சென்னையே.

இளமை

ஜட்சன், 1788-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ந் தேதி, அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் இராஜ்யத்திலுள்ள மால்டன் என்னும் ஊரில் ஒரு குருவானவரின் மூத்த குமாரராய்ப் பிறந்தார். மூன்று வயதிலேயே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். பதினாறாம் வயதில் பிராவிடென்ஸ் நகரத்துக் கல்லூரியிற் சேர்ந்து, 1807-ம் ஆண்டில் வகுப்பில் முதல்வராய்த் தேறினார். அறிவு வளர்ந்தது, அதனோடு செருக்கும் வளர்ந்தது. கல்லூரியில் ஜேக்கப் ஈம்ஸ் என்னும் நண்பர் ஒருவர் அவருக்கு வாய்த்தார். கடவுள் உலகைப் படைத்தாராயினும் மனிதர் காரியத்தில் அவர் தலையிடுவதில்லை என்பது ஈம்ஸின் கொள்கை. அதுவே ஜட்சனுடைய கொள்கையுமாயிற்று. இருபதாம் வயதில் இதனைத் தம் பெற்றோரிடம் வெளியிட்டார். தந்தையாரின் நியாயங்களுக்கெல்லாம் விடை கூற அவரால் முடிந்தது. தாயாரின் கண்ணீருக்கு விடை கூற முடியவில்லை. வீட்டைவிட்டுப் புறப்பட்டு, நியூயார்க் நகரில் நாடகக்காரர் குழு ஒன்றோடு சில காலம் திரிந்தார்.

அலைச்சலில் சலிப்புற்றுத் திரும்பும் வழியில் ஓர் இரவு ஒரு சத்திரத்தில் தங்க நேர்ந்தது. அடுத்த அறையில் வாலிபன் ஒருவன் மரணத் தறுவாயில் இருப்பதாகவும், அவ்வறையன்றி வேறு இடம் இல்லையென்றும் சத்திரக்காரன் கூறினான். அதனால் என்ன என்று ஜட்சன் படுத்துக்கொண்டார். சுவருக்கு அப்பாலிருந்து முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவ்வாலிபன் மரணத்துக்கு ஆயத்தமாயிருக்கின்றானோ என்னும் எண்ணம் எழுந்தது. இதனை அறிந்தால் ஈம்ஸ் எவ்வாறு நகைப்பார் என்று எண்ணி நாணினார். ஆயினும் உறக்கம் வரவில்லை. விடிந்ததும் விசாரித்தபொழுது அவ்வாலிபன் இறந்துவிட்டான் என்று தெரிந்தது. அவன் பிராவிடென்ஸ் கல்லூரி மாணவன். பெயர் ஜேக்கப் ஈம்ஸ்.

ஜட்சன் பல மணி நேரம் செயலற்றிருந்தார். பின் குதிரையை வீட்டுத் திசைக்குத் திருப்பினார். ஆண்டோவர் வேத சாஸ்திரக் கல்லூரியிற் சேர்ந்து, 1808-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தம்மைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தார். அவருடைய விசுவாசம் அச்சத்தின் நடுவிலேயே பிறந்தது என்பதை நாம் நினைவில் வைக்கவேண்டும்.

கடலும் கரையும்

1812-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 5-ந் தேதி அன்னாள் ஹசல்டைன் என்னும் நற்குண மங்கையை மணந்து, இரு வாரத்துள் அவரோடு கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். பெண் கேட்டு அவள் தந்தையாருக்கு எழுதிய கடிதத்தில், இவ்வுலகில் இனி மகளைக் காணாதிருக்கவும், அவள் அயல்நாட்டில் வறுமைக்கும் நோய்க்கும் ஒருவேளை கொடிய மரணத்துக்கும் ஆளாவதைப் பொறுக்கவும் அவர் இசைவாரா என்று மறைக்காமல் கேட்டிருந்தார். தந்தையார் முடிவை மகளிடமே விட்டார். அன்னாள் அம்மையார் இசைந்தார். அக்கடிதத்தில் எழுதப்பட்டவற்றுள் நிறைவேறாதது மிகச் சிலவே.

பிரயாணத்தில் வேதத்தை ஆராய்ந்ததன் பயனாக ஞானஸ்நானம் பற்றிய அவர்கள் கொள்கை மாறிற்று. கல்கத்தாவில் பாப்டிஸ்டு சபையிற் சேர்ந்தனர். தம்மை அனுப்பிய சங்கத்தின் ஆதரவை அதனால் இழக்க நேரும் என்பதை அறிந்தே அவ்வாறு செய்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியாரோ மிஷனெரிகளை விரும்பாமல் நாட்டை விட்டு அகலும்படி உத்தரவிட்டனர். மொரீஷியஸ் தீவுக்குச் சென்று, அங்கிருந்து 1813-ம் ஆண்டு ஜூன் மாதம் 4-ந் தேதி சென்னை வந்தனர். இங்கும் அதே ஆபத்து. கம்பெனி அதிகாரிகள் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுமுன் ஏதேனும் ஒரு கப்பலில் ஏறியாக வேண்டும். துறைமுகத்தில் அப்போது புறப்பட ஆயத்தமாயிருந்த கப்பலோ இரங்கூன் செல்வது. இரங்கூன் என்றால் அவர்களுடைய நண்பரெல்லாரும் அஞ்சினர், அவர்களும் அஞ்சினர். வேறு வழியின்மையையே கடவுள் காட்டும் வழியாகக் கொண்டு, ஜூன் 22-ந் தேதி ஏறினர்.

அன்னாள் அம்மையார் அப்போது நிறைசூலி. துணைக்கென அமர்த்திய பெண் கப்பல் புறப்பட்டவுடனே இறந்து போனாள். நடுக்கடலில், மருத்துவரும் மாதருமின்றி அம்மையார் பிரசவித்த தலைக் குழந்தை உயிரற்றதாயிருந்தது. கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டது. ஜூலை 13-ந் தேதி இரங்கூன் சேர்ந்தபொழுது, நடக்க இயலாத அம்மையாரை நாற்காலியில் வைத்துச் சுமந்தே கரை சேர்த்தனர்.

விதைப்பு

இரங்கூனில், வங்காளத்து வில்லியம் கேரி ஐயரின் குமாரர் ஃபீலிக்ஸ் கேரியின் மிஷன் வீட்டில் அவர்கள் தங்கினர். பர்மிய மொழியோ சொல்லுக்குச் சொல் இடைவெளியின்றிப் பனையோலையில் எழுதப்படுவது. கற்பிக்கத் தக்க இலக்கணமும் அகராதியும் இல்லை. ஜட்சன் ஐயர் நாடோறும் பல மணி நேரம் ஆசிரியரோடமர்ந்து பர்மிய மொழியையும் பாலி மொழியையும் கற்றார். 1815-ம் ஆண்டில் பிறந்த ஆண்மகவு எட்டு மாதத்தில் இறந்தது. 1819-ம் ஆண்டில், அந்நாட்டு வழக்கப்படி வழியோரத்தில் ஒரு சாவடி கட்டி, வருவார் போவாரோடு உரையாடத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூன் மாதம் 27-ந் தேதி மௌங் நா என்பவர் ஞானஸ்நானம் பெற்றார். இரங்கூனில் கால் வைத்து ஆறு ஆண்டுக்குப் பின் கிடைத்த முதற் கனி அவரே. 1820-ம் ஆண்டில் அரசன் பாகிதோவைக் கண்டு, மதப் பொறுமை வேண்டி விண்ணப்பம் செய்தார். அரசன் அவர் அளித்த துண்டுப் பிரசுரத்தின் தொடக்க வரிகளைப் படித்துத் தரையில் எறிந்துவிட்டான்.

இவற்றிடையே மொழிபெயர்ப்பு நடந்துகொண்டேயிருந்தது. 1823-ம் ஆண்டில் புதிய ஏற்பாடு முழுவதும் பர்மிய மொழியில் கையெழுத்துப் பிரதியாய் முடிந்தது. மறு ஆண்டுத் தொடக்கத்தில் ஐயரும் அம்மையாரும் தலைநகராகிய ஆவாவில் குடியேறினர். அச்சமயம் ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் போர் மூண்டது.

மரணச் சிறை

1824-ம் ஆண்டு ஜூன் மாதம் 8-ந் தேதி, உண்ணும் வேளையில், அதிகாரியொருவன் ஆட்களோடு வீட்டினுள் நுழைந்தான். அவர்களுள் ஒருவன் கன்னத்தில் வட்டக் குறி பொறிக்கப்பட்டவன். மரணதண்டனை நிறைவேற்றுவோர்க்கு அதுவே அடையாளம். ஐயருக்குரிய பணம் ஓர் ஆங்கில வியாபாரி மூலமாய் வந்ததால், அது ஒற்றர்க்குரிய கூலியென்று பர்மியர் ஐயுற்றனர். ஐயரைக் கீழே தள்ளி, முழங்கைகளைக் கயிற்றாற் பிணித்து இழுத்துச் சென்றனர்.

அவரை அடைத்த சிறைக்கு லெத்மயூன் என்று பெயர். கை கூசாதே என்பது அதன் பொருளாம். பெயருக்கேற்பவே அங்குள்ள கைகள் கூசவில்லை. சாளரமற்ற ஒரே கூடம், சாக்கடை நாற்றம், பதினொரு மாதம் அவர் அங்கே கிடந்தார். காலில் மூன்று சோடி விலங்கு; பின்னர் ஐந்து சோடி. இரவில் கைதிகளின் விலங்குகளுக்கிடையே நீண்ட மூங்கிற் கழியொன்றைச் செலுத்திக் கால்களை மேலே தூக்கிக் கட்டிவிடுவர். தோளும் தலையும் மாத்திரமே தரையிற் படும். பகலில் மூன்று மணிக்குச் சேகண்டி ஒலிக்கும். உடனே சிறை முழுதும் பேச்சடங்கிவிடும். கொலையாளர் உள்ளே வந்து, ஒன்றும் கூறாமல் ஒருவனை அழைத்துச் செல்வர், அவன் திரும்புவதில்லை. நாடோறும் அம்மணி ஒலிக்கும்பொழுது, ஐயர் அஞ்சவில்லையென்று நாம் கூறத் துணியோம். நம்மைப்போல் மாமிசமும் இரத்தமும் உடைய மனிதரே அவர்.

வெளியில் அன்னாள் அம்மையார் அனுபவித்த துன்பம் அதனிற் குறைந்ததன்று. கருவுற்றிருந்த அவர், அதிகாரிகள் மாளிகைதோறும் கால்நடையாய்ச் சென்று மன்றாடினார். கையிலிருந்த பொருளைக் காணிக்கையாய்க் கொடுத்து, கணவர்க்கு உணவும் பாயும் செல்ல வழி தேடினார். அரசியின் தமையன் வெள்ளைக் கைதிகளை மறைவிற் கொன்றுவிடும்படி மும்முறை குறிப்பித்தும், நகரத்து முதிய அதிகாரி அதனை நிறைவேற்றாமல் இருந்தார். அம்மையாரின் கண்ணீரே அவர் மனத்தை இளக்கிற்று என்பது அவர் வாயாலேயே பின்னர் வெளிப்பட்டது. 1825-ம் ஆண்டு ஜனவரி மாதம் 26-ந் தேதி மரியாள் என்னும் பெண்மகவு பிறந்தது. சில வாரத்துக்குப் பின் அம்மையார் அம்மகவைச் சிறை வாயிலில் ஏந்தி நிற்க, ஐயர் விலங்கோடு ஊர்ந்து வந்து தம் மகளை முதன்முறை கண்டார்.

சிறை முற்றத்தில் ஒரு சிங்கக் கூண்டு இருந்தது. அரசனுக்குப் பரிசாய் வந்த சிங்கத்தை, அது ஆங்கிலேயருடைய சின்னம் என்று ஐயுற்றுப் பட்டினியிட்டே கொன்றனர். காய்ச்சலால் வாடிய கணவர்க்கு அவ்வெறுங் கூண்டையேனும் இருப்பிடமாய்த் தரும்படி அம்மையார் கெஞ்சிப் பெற்றார். விலங்கின் கூண்டு மனிதர் சிறையினும் மேலாயிருந்தது.

தலையணை

புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை அம்மையார் முதலில் வீட்டு நிலத்திற் புதைத்து வைத்தார். மழைக்காலத்து ஈரத்தில் அது அழிந்துவிடும் என்று அஞ்சி, ஐயரின் யோசனைப்படி, எவரும் விரும்பாத கரடுமுரடான தலையணையொன்றினுள் வைத்துத் தைத்துச் சிறைக்கு அனுப்பினார். பத்தாண்டு உழைப்பின்மேல் தலைவைத்து ஐயர் படுத்திருந்தார். அத்தலையணையையும் காவலன் ஒருவன் ஒருமுறை பிடுங்கிக்கொண்டான். அம்மையார் நல்ல தலையணையொன்றைக் கொடுத்து அதனை மீட்டார். பின்னர்க் கைதிகளை வேறிடத்துக்குக் கொண்டு சென்றபொழுது, காவலர் மேலுறையை உரித்துக்கொண்டு, உள்ளிருந்த பஞ்சுப் பொதியைக் குப்பையென எறிந்துவிட்டனர். ஐயர் அது போயிற்றென்றே எண்ணினார். மௌங் இங் என்னும் சீடர், தம் ஆசிரியர் நினைவாக ஏதேனும் கிடைக்குமா என்று தேடிவந்து, அப்பொதியைக் கண்டெடுத்து வீட்டில் வைத்திருந்தார். உள்ளே இருப்பது இன்னதென அவர் அறியார். பல மாதத்துக்குப் பின் பிரித்துப் பார்த்தபொழுது கையெழுத்துப் பிரதி சேதமின்றி இருந்தது.

கைதிகளை இடம் மாற்றியது 1825-ம் ஆண்டு மே மாதத்தில். கோடை வெயிலில், வெறுங்காலோடு, இருவர் இருவராய்க் கயிற்றாற் பிணித்து, ஆவுங்பின்லே என்னும் சிற்றூருக்கு நடத்தினர். நோயுற்ற ஐயரின் உள்ளங்கால் கொப்புளித்துத் தோலுரிந்தது. ஒவ்வோர் அடியிலும் இரத்தம். வழியில் ஆற்றைக் கடந்தபொழுது, அதில் விழுந்து முடிந்து போகலாமோ என்னும் நினைவும் அவருக்கு எழுந்தது. அது பாவமென்று தம்மைத் தடுத்துக்கொண்டார். உடன் வந்த கைதியரில் கிரேக்கர் ஒருவர் அவ்வழியிலேயே துவண்டு இறந்தார். அவ்வேளை, ஆங்கில வியாபாரியின் வங்காளி வேலைக்காரன் பின்தொடர்ந்து ஓடிவந்து, தன் தலைப்பாகையை இரண்டாய்க் கிழித்து, ஒரு பாதியைத் தன் எசமானுக்கும் மறு பாதியை ஐயருக்கும் காலிற் சுற்றிக்கொள்ளக் கொடுத்தான். மீதி வழி முழுவதும் ஐயர் அவன் தோளிற் சாய்ந்தே நடந்தார். அவன் பெயரை ஜட்சன் சரித்திரங்கள் நமக்குக் கூறவில்லை. வானம் திறக்கவுமில்லை, தூதர் வரவுமில்லை, ஏழை வேலைக்காரனின் தலைப்பாகை வந்தது. கர்த்தருடைய உதவியை நாம் வானத்தில் தேடிக்கொண்டு நின்று, அருகில் நீளும் தோளைக் காணாமற் போவது எத்தனை முறை!

அன்னாள் அம்மையார் கைக்குழந்தையோடு அச்சிற்றூருக்கும் தொடர்ந்து வந்தார். அம்மையோ குழந்தைகளைப் பற்றிற்று; பின் அவரும் நோயில் வீழ்ந்தார். தாய்க்குப் பாலில்லை. காவலருக்குப் பொருள் கொடுத்து விடைபெற்று, ஐயர் விலங்கு பூட்டிய காலோடு மகவை ஏந்தி, பாலூட்டும் தாய்மார் உள்ள வீடுகளின் வாயில்தோறும் சென்று இரந்தார். அத்தாய்மார் அக்குழந்தைக்குப் பாலூட்டினர். இதனிடையே, வெள்ளைக் கைதிகளைப் பலியிடக் கருதியிருந்த படைத்தலைவன் இராஜத் துரோகக் குற்றத்துக்காக அரசனாற் கொல்லப்பட்டான். ஆறு மாதத்துக்குப் பின், ஆங்கிலேயரோடு சமாதானம் பேச மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டமையால் ஐயரின் விலங்கு கழன்றது. பதினேழு மாதம் அவர் விலங்கு சுமந்தார். 1826-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் உடன்படிக்கை முடிந்து, ஐயரும் அம்மையாரும் மகவும் ஐராவதி நதியில் படகேறினர். மனைவி அருகிலும் மகவு கையிலுமாக, நிலவொளியில், விடுதலை பெற்றவராய் அந்நதியிற் சென்ற இரவே இவ்வுலக இன்பங்களுள் தலையாயது என்று அவர் பிற்காலத்திற் கூறுவதுண்டு.

வனவாசம்

சரித்திரம் இவ்விடத்தில் முடிந்திருப்பின் மேடையிற் கூறத்தக்க நல்ல கதையாயிருக்கும். ஆனால் ஜட்சன் ஐயருடைய பெருஞ்சோதனை இனித்தான் வருகின்றது.

ஆங்கிலேயர் வசமான அம்ஹர்ஸ்ட் என்னும் புதிய ஊரில் குடும்பத்தை அமர்த்திவிட்டு, புதிய வர்த்தக உடன்படிக்கையில் மத சுதந்தரத்துக்கு இடம்பெறலாம் என்னும் நம்பிக்கையால், ஆங்கிலத் தூதரோடு அவர் மீண்டும் ஆவா சென்றார். அந்நோக்கம் நிறைவேறவில்லை. நவம்பர் மாதத்தில் கறுப்பு முத்திரையிட்ட கடிதமொன்று வந்தது. நோயுற்றிருந்த மகவே இறந்திருக்கும் என்று எண்ணிப் பிரித்தார். இறந்தவர் மனைவி. 1826-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ந் தேதி, 36 வயதில், கணவர் அருகில் இல்லாமலே அன்னாள் அம்மையார் காலஞ்சென்றார். ஆறு மாதங்கழித்து, 1827-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ந் தேதி, மரியாளும் தாயின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டாள். தந்தையாரும் இறந்துவிட்டாரென்னும் செய்தி அமெரிக்காவிலிருந்து அவ்வாண்டிலேயே வந்தது.

சிறையில் முறியாத உள்ளம் விடுதலையில் முறிந்தது. விலங்கு பூண்டிருந்தபொழுது எதிர்நோக்க ஒரு நாள் இருந்தது. இப்பொழுது எதிர்நோக்க ஒன்றும் இல்லை. மனைவியைத் தனியே விட்டுச் சென்றேனே என்னும் நினைவு அவரை அரித்தது. தம் உள்ளத்திலுள்ள புகழாசையே இத்தண்டனைக்குக் காரணமோ என்று ஐயுற்றார். பல்கலைக்கழகம் அளித்திருந்த வேத பண்டிதர் பட்டத்தை 1828-ம் ஆண்டில் துறந்தார். தம் சொத்தை மிஷனுக்குக் கொடுத்தார். தம்மைப் புகழ்ந்து பிறர் எழுதிய கடிதங்களை அழித்தார். கயோன் அம்மையார் முதலிய பக்தர் நூல்களைப் பயின்று, தம் ஆசைகளையெல்லாம் சாகடிக்க முயன்றார். மௌல்மீன் நகருக்கு அருகிலுள்ள காட்டில் ஒரு குடிசை கட்டி, அம்மையார் இறந்த தேதியாகிய அக்டோபர் 24-ல் அங்கே தனித்துக் குடிபுகுந்தார். அருகே ஒரு குழியை வெட்டுவித்து, அதன் ஓரத்தில் அமர்ந்து, உடல் அழுகி மண்ணாவதைத் தியானித்தார். ஒருமுறை நாற்பது நாள், புலிகள் உலவும் வனத்தில், பாழடைந்த பகோடாவின் அருகே, சிறிதளவு சோறே உண்டு, வேதத்தோடு பகற்பொழுதைக் கழித்தார். 1829-ம் ஆண்டில், தமக்குக் கடவுள் முற்றிலும் அறியப்படாதவராய் இருக்கின்றாரென்றும், அவர் உளர் என்று நம்பியும் அவரைக் கண்டடைய இயலவில்லையென்றும் எழுதினார்.

இக்கடுந்தவம் யாவும் நாம் பின்பற்றத்தக்கதென்று கூறோம். துக்கத்தால் நைந்த உள்ளத்தைப் பட்டினியால் மேலும் நைவிப்பது பக்தியின் வழியன்று. ஐயரும் பிற்காலத்தில் அவ்வழியிற் செல்லவில்லை. எனினும் அவ்விருளில் அவர் செய்யாத ஒன்றும், செய்த ஒன்றும் நம் கருத்துக்குரியன. தமக்கு ஒளி தெரிவதாக அவர் யாரிடமும் பொய் கூறவில்லை. ஒளி தெரியவில்லையென்று தம் பணியையும் விடவில்லை. குடிசையிலிருந்து புறப்பட்டு வந்து போதித்தார், மொழிபெயர்ப்பையும் கைவிட்டிலர். அவ்விருண்ட காலத்திலேயே, கொலையும் கொள்ளையும் செய்து கடனுக்கு அடிமையாகிக் கிடந்த கோ தா பியூ என்னும் கரேன் மனிதரை ஏற்று, பொறுமையோடு போதித்தார். அவர் 1828-ம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்று, தம் கரேன் மக்கள் பல்லாயிரவர் கிறிஸ்துவை அறியக் காரணரானார். ஜட்சன் தமக்கு விளக்கில்லையென்று புலம்பிய காலத்தில், அவர் ஏற்றிய விளக்கு வேறொரு சாதியாருக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தது.

வனத்திலும் அவர் தனியே விடப்படவில்லை. பாழடைந்த பகோடாவின் அருகே அவர் முதல்நாள் தரையில் அமர்ந்துவிட்டுச் சென்றார். மறுநாள் வந்தபொழுது அங்கே மூங்கிலால் ஓர் ஆசனமும், வெயில் மறைக்கத் தழைப்பந்தலும் இருக்கக் கண்டார். சபையின் பர்மிய உதவிக்காரர் ஒருவர், புலிக்கஞ்சாமல் பின்வந்து, அவருக்குத் தெரியாமலே அவற்றைச் செய்து வைத்திருந்தார். முன்னர் ஒரு தலைப்பாகை; இப்பொழுது ஒரு தழைப்பந்தல்.

விடியல்

இருள் ஒரே நாளில் நீங்கவில்லை. வேலையினூடே மெல்ல மெல்ல நீங்கிற்று. 1831-ம் ஆண்டில் இரங்கூனில் சுவேடகோன் பகோடாவின் பெருந்திருவிழாக் காலத்தில், கேட்டவர்க்கு மாத்திரமே கொடுத்தும், பதினாயிரத்துக்குச் சற்றேறக்குறைய துண்டுப் பிரசுரங்கள் சென்றன. சயாம், சீன எல்லைகளிலிருந்தும் மக்கள் அவர் வீட்டைத் தேடி வந்து, அவ்வெழுத்துகளைக் கேட்டனர். தலையணையிலிருந்து மீண்ட புதிய ஏற்பாடு 1832-ம் ஆண்டில் அச்சேறிற்று. 1834-ம் ஆண்டு ஜனவரி மாதம் 31-ந் தேதி, பழைய ஏற்பாட்டின் கடைசி ஏட்டைக் கையிலேந்தி, ஐயர் முழந்தாளிட்டுத் தம் உழைப்பைக் கடவுளுக்குப் படைத்தார். பின்னும் ஆறாண்டு திருத்தி, 1840-ம் ஆண்டில் திருந்திய பதிப்பை வெளியிட்டார். அதனை முடித்த தேதி அக்டோபர் 24. அன்னாள் அம்மையாரின் நினைவு நாள்.

பின்வந்த ஆண்டுகளை விரைவிற் கூறுவோம். 1834-ம் ஆண்டில், மறைந்த மிஷனெரி போர்டுமன் ஐயரின் மனைவியாராகிய சாராள் அம்மையாரை மணந்தார். அவரும் 1845-ம் ஆண்டில் தாயகம் செல்லும் வழியில் செயிண்டு ஹெலெனா தீவுத் துறையில் காலஞ்சென்றார். முப்பத்து மூன்றாண்டுக்குப் பின் அமெரிக்காவில் கால் வைத்த ஐயருக்கு நோயால் குரல் அடைத்திருந்தது. திரண்ட கூட்டங்களில் அவர் மெல்லக் கூறுவதை அருகில் நின்ற ஒருவர் உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. எமிலி அம்மையாரை மணந்து பர்மாவுக்கே மீண்டு, அகராதிப் பணியில் அமர்ந்தார். நோய் முற்றவே, கடற்காற்றால் நலம் வருமென மருத்துவர் கூற, பிரஞ்சுக் கப்பலொன்றில் ஏற்றப்பட்டார். 1850-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12-ந் தேதி, அந்தமான் தீவுகளை அடுத்த கடலில், 61-ம் வயதில் உயிர் நீத்தார். அன்றிரவே அவருடைய உடல் கடலில் இறக்கப்பட்டது. செய்தி மனைவியாருக்கு எட்ட நான்கு மாதம் சென்றது. முப்பத்தேழு ஆண்டுக்கு முன் சென்னையிலிருந்து செல்கையில் தம் தலைமகவை ஒப்படைத்த அக்கடலே அவருக்கும் கல்லறையாயிற்று.

இன்று மியான்மர் என வழங்கும் அத்தேசத்தின் கிறிஸ்தவர் பலர், ஜட்சன் ஐயர் மொழிபெயர்த்த வேதாகமத்தையே இன்னும் படித்து வருகின்றனர். குப்பையென எறியப்பட்ட பஞ்சுப் பொதியிலிருந்து வந்த வார்த்தைகளும் அதில் உள்ளன.

அன்பர்காள்! ஜட்சன் ஐயர் அஞ்சாதவர் அல்லர். சத்திரத்திலும், சென்னைத் துறையிலும், மூன்று மணிச் சேகண்டியின் ஒலியிலும் அவர் அஞ்சினார். கலங்காதவரும் அல்லர், மூன்றாண்டு கலங்கினார். தம் உணர்ச்சியின்மேல் அவர் நம்பிக்கையை நிறுத்தியிருப்பின், அவ்வுணர்ச்சி அவிந்த நாளில் நம்பிக்கையும் அவிந்திருக்கும். அவர் கடவுளின்மேல் அதனை நிறுத்தினார். ஆகவே, கடவுளைக் காணமுடியாத நாளிலும், அவர் இட்ட வேலையை ஏடு ஏடாகச் செய்துவந்தார். நம்மைப் பிடித்திருக்கும் கரத்தை நாம் உணராத நாட்கள் உண்டு. அந்நாட்களிலும் அக்கரம் விடுவதில்லை என்பதே இவர் வாழ்க்கை நமக்குக் கூறும் செய்தி. ஆதலின், நம்முள் இவ்வாண்டு துன்பத்தால் வாடுவோர், தம் நெஞ்சின் நடுக்கத்தைக் கண்டு நாணவேண்டுவதில்லை. அன்றைய ஏட்டை அன்று எழுதுவோம்; வழியில் நீளும் தோளை மறுக்காதிருப்போம்; பக்கத்து அறைத் தோழன் இருளில் அமர்ந்திருப்பின், அவன் அறியாமலே ஒரு தழைப்பந்தல் கட்டிவைப்போம்.